தோற்றவர் எழுதிய வரலாறு

வென்றோர் தம் வெற்றியை வரலாறாக்குதல் உலக வழக்கு. தோற்றோர் எழுதிய வரலாறு கிடைத்தல் அரிது. அமெரிக்கப் புரட்சிக்காலத்தில் பிரித்தானிய முடிக்கு விசுவாசமாய் நின்ற குடியேற்றத்தாருள் முதன்மையானவர் தோமஸ் ஹச்சின்சன். அவர் எழுதிய மசாசூசெற்ஸ் வரலாற்றின் மூன்றாந் தொகுதி அத்தகைய அரிய நூலாகும்.

ஹச்சின்சன் 1711இல் பொஸ்ரன் நகரிற் பிறந்தவர். அம்மண்ணையே தாயகமாகக் கொண்டவர். முத்திரைவரி விதித்தல் தகாதென அவர் முன்னரே எழுதியிருந்தும், 1765 ஆகஸ்ட் 26 இரவு மக்கட் கூட்டம் அவர் மனையைத் தகர்த்தது. இரண்டாந் தொகுதியின் கையெழுத்துப்படி தெருச் சேற்றில் வீசப்பட்டது. மீட்கப்பெற்ற அது 1767இல் அச்சேறியது. 1774இல் இங்கிலாந்து சென்ற ஹச்சின்சன் ஊர் திரும்பாமலே 1780இல் மறைந்தார். அங்கு அவர் எழுதி முடித்த மூன்றாந் தொகுதி 1828இலேயே இலண்டனில் வெளிவந்தது.

இத்தொகுதியின் தலையாய சிறப்பு அதன் அடக்கம். ஆசிரியர் தம்மையும் படர்க்கையில் வைத்தே பேசுகின்றார். வீடிழந்து நாடிழந்தவரின் புலம்பல் அதில் ஓங்கி ஒலிப்பதில்லை. ஆயினும் அடக்கம் வேறு, நடுவுநிலைமை வேறு என்பது ஈண்டு நோக்கற்பாலது. 1760இல் பிரதம நீதியரசர் பதவி தந்தைக்குக் கிட்டாது ஹச்சின்சனுக்குக் கிட்டியமையால் யேம்ஸ் ஒற்றிஸ் பகை கொண்டார் என்றும், கிளர்ச்சித் தீ அதிலிருந்து மூண்டது என்றும் நூல் காட்டுகின்றது. அக்காலத்தில் ஹச்சின்சனோ துணைத் தேசாதிபதியாகவும் இருந்தார். அவர்தம் சகலர் அன்றூ ஒலிவர் மாகாணச் செயலாளராயிருந்தார். பதவிகள் ஒரு குடும்பத்தின்பாற் குவிந்தமை மக்கள் கண்ணில் உறுத்திற்று. அவ்வுறுத்தலின் வன்மையை நூலாசிரியர் உணர்ந்தாரல்லர். சட்டத்தின் நுணுக்கத்தைக் கண்டவர் மக்கள் மனத்தின் மாற்றத்தைக் காணத் தவறினார்.

எனினும், இக்குறை நூலின் பயனைக் குறைப்பதன்று, பெருக்குவதே எனலாம். போரின் முடிவில் ஏறத்தாழ 60,000 விசுவாசிகள் நாட்டைவிட்டகன்றனர் என்பது வரலாற்றறிஞர் மதிப்பீடு. அவர்களைத் துரோகிகள் என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் எளிது. 1974இல் ஹச்சின்சனின் வாழ்க்கையை எழுதிய பேர்னாட் பெயிலின் அவ்வெளிய வழியை விலக்கினார். நேர்மையுடைய ஒருவர் நேர்மையாகவே தவறக்கூடும் என்பதற்கு ஹச்சின்சனின் நூல் சான்று பகர்கின்றது. புரட்சியைப் போற்றுவோர் இந்நூலைக் கற்றல் வேண்டும். ஆள்வோர் கற்றல் அதனினும் வேண்டற்பாலது.