மீட்கப்பட்டவளுக்கு எத்தனை நாள்?

மேரி மாசியோவின் 'ஐ ஆம் ஜேன் டோ' (2017) என்ற ஆவணப்படத்தைப் புரொண்பியில் ஒரு நண்பர் வீட்டில் நாலைந்து பேராகப் பார்த்தோம். பள்ளிக்கூட வயது மகள்மாரை 'பேக்பேஜ்' இணையத்தளத்தின் சிறுவிளம்பரங்களில் விற்பனைக்குக் கண்ட தாய்மார் அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்கிறார்கள். பிறர் எழுதியதற்குத் தளம் பொறுப்பல்ல என்ற 1996 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைத் திருப்பி அனுப்புகிறது. இந்தக் கோபம் நியாயமானது. அதில் எமக்குள் விவாதம் இல்லை.

ஆனால் விளம்பரத்தை நிறுத்தினால் வியாபாரம் நிற்கும் என்று படம் நம்புகிறது. 2018 ஏப்ரலில் பேக்பேஜ் மூடப்பட்டது, புதிய சட்டமும் வந்தது. 2021 இல் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் பார்த்தபோது அதன் குற்றப்பிரிவின் கீழ் ஒரேயொரு வழக்கு. விளம்பரங்களோ வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விட்டிருந்தன. (இவை படத்துக்குப் பின் நடந்தவை என்பதையும் சொல்லவேண்டும்.)

இங்கே கதை வேறு. உடலை விற்பது குற்றமல்ல என்று டென்மார்க் 1999 இல் சட்டத்தை மாற்றியது. 'எக்ஸ்ட்ரா பிளாடெட்' நெடுங்காலம் 'மசாஜ்' விளம்பரங்களை அச்சிட்டது. எம்மவர் சிலர் டேனிஷ் எழுத்துக்கூட்டிப் படித்ததும் அதே பத்திரிகையில்தான். கடத்தப்பட்டவள் என்று அரசு ஏற்றுக்கொண்ட பெண்ணுக்கு, வதிவிட உரிமை இல்லாவிட்டால், கிடைப்பது ஊர் திரும்ப ஆயத்தமாகும் அவகாசம்: 30 நாள், ஒத்துழைத்தால் 120 வரை. ஏஜென்சிக்குக் கடன்பட்டு எல்லை தாண்டிய எமக்கு இந்தக் கணக்கு விளங்காததல்ல. அவள் ஏன் பொலிசிடம் வாய் திறப்பாள்? கடன் கொடுத்தவன் காத்திருப்பதும் அதே ஊரில்தானே.