அஞ்சலட்டையில் எழுதிய கை

சியா ஜின் செங் 2008இல் வெளியிட்ட, மலாயாவின் 500 பழைய பட அஞ்சலட்டைகள் அடங்கிய தொகுப்பு போற்றத்தக்க உழைப்பு. ஆயினும் இத்தகைய நூல்களைப் புரட்டுவோர் படத்தோடு நின்றுவிடுகின்றனர். மேலே படிந்த கையெழுத்தைக் கறையென ஒதுக்குவோரும் உளர்.

அது கறையன்று. பிரிட்டனில் 1902 வரை அட்டையின் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியது. இங்கும் தொடக்கக்கால அட்டைகள் அவ்வகையினவே. எனவே செய்தி படத்தின் ஓரத்திலும் வானத்திலும் ஏறிற்று. சுருக்கம் அங்கே அழகுக்காகப் பிறந்ததன்று, இடமின்மையால் பிறந்தது.

இனி, பால்மரத்தடியில் நிற்கும் தமிழ்ப் பெண்ணைக் காண்க. அவளுக்குப் பெயரில்லை, ‘கூலி’, ‘கிளிங்’ என்பனவே அச்சிட்ட தலைப்புகள். அவளருகே மையோடிய கை பெரும்பாலும் துரையுடையது. அவள் ஊருக்கு எழுதுவித்த கடிதம் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ ஒரு தகரப்பெட்டியில் இருக்கலாம். படமில்லாமையால் விலைபோகாத அதனை யார் தொகுப்பார்?