முன்னவர் வீசிய தண்ணீர்

பாஸ் மீன் போட்டிக்கு முந்தின நாள் மாலையில் ஜோடி சேர்ப்பார்கள். ஒருவர் படகுக்காரர். மற்றவர் படகில்லாமல் கட்டணம் மட்டும் கட்டி வந்தவர். அமெரிக்காவில் அவருக்குக் கோ-ஆங்ளர் என்று பெயர். மறுநாள் விடிந்ததும் படகுக்காரர் முன்தளத்தில் நின்று, மின்மோட்டாரைக் காலால் மிதித்து, தமக்குப் பிடித்த கரையோரமாகப் படகை நகர்த்துவார். கோ-ஆங்ளருக்குப் பின்தளம். எந்த ஓடை, எவ்வளவு ஆழம், என்ன வேகம் என்று எதையும் அவர் தீர்மானிக்க முடியாது. எந்தக் கோலில் எந்த ரீலைப் பூட்டி எடுத்து வருவது என்பது ஒன்றுதான் அவர் இஷ்டம்.

ஆரம்பத்தில் இந்த முன்-பின் பேதம் இல்லை. அலபாமாவின் மாண்ட்கோமரியைச் சேர்ந்த காப்பீட்டு விற்பனையாளர் ரே ஸ்காட் 1967 ஜூனில் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் தம் முதல் போட்டியை நடத்தியபோது 106 பேர் வந்தார்கள். முன்பின் அறியாத இருவரை ஒரே படகில் ஏற்றியது சிக்கனத்துக்காக மட்டுமல்ல. மீன் பந்தயம் என்றாலே தில்லுமுல்லு என்று ஊர் நினைத்த காலம் அது. ஒருவருக்கு மற்றவர் சாட்சியாக இருக்கட்டும் என்பது ஏற்பாடு. இருவருமே போட்டியாளர்கள் என்பதால் படகை யார் ஓட்டுவது, யார் இடத்துக்குப் போவது என்று சச்சரவும் கூடவே வந்தது. பிற்பாடுதான் பல தொடர்களில் படகுக்காரருக்கு ஒரு தரவரிசை, பின்தளத்தாருக்குத் தனித் தரவரிசை, தனிப் பரிசு என்று பிரித்தார்கள்.

பேதம் வந்த பிறகும் கோல், ரீல் பற்றிய பேச்செல்லாம் முன்தளத்திலிருந்தே வருகிறது. புகழ்பெற்றவர்கள் எல்லாரும் அங்கே நின்றவர்கள். அவர்கள் சொன்னதை அப்படியே பின்தளத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் முதல் போட்டிக்குப் பதினொரு கோல்களைச் சுமந்து போனேன். படகுக்காரர் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானே ஆறைத் திரும்ப வண்டியில் வைத்துவிட்டு வந்தேன்.

ரீலின் வம்சத்தைப் பார்த்தால் திரும்பத் திரும்பக் கடிகாரக்காரர்கள்தான் எதிர்ப்படுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கியில் பல்சக்கரம் வைத்து, கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை பல சுற்றுச் சுற்றும் ரீலைச் செய்த ஜார்ஜ் ஸ்னைடர் கடிகாரம் செய்பவர். 1952-ல் ஸ்வீடனிலிருந்து அம்பாசடர் 5000 ரீலை வெளியிட்ட ஆபு நிறுவனம் கடிகாரத் தொழிற்சாலையாகப் பிறந்தது. பொத்தானை அமுக்கி வீசும் ஸெப்கோ ரீலைக் கண்டுபிடித்த ஹல் என்பவரும் டெக்ஸஸ் கடிகாரக்காரர். அவர் தம் யோசனையைக் கொண்டுபோய்க் கொடுத்த நிறுவனமோ எண்ணெய்க் கிணறுகளுக்கு நேரவெடி செய்துகொண்டிருந்தது. பாஸ் போட்டி உலகம் இந்த வம்சத்தில் பல்சக்கர உருளையையே, அதாவது பெய்ட்காஸ்டரையே, பட்டத்து ரீலாக ஏற்றுக்கொண்டது. கனமான இரை, தடித்த நரம்பு, குறி தவறாத வீச்சு ஆகியவற்றுக்கு அதற்கு ஈடில்லை. ஆனால் உருளை தானே சுழன்று நரம்பை விடுவதால், இரை வேகம் குறைந்த பிறகும் உருளை ஓடினால் நரம்பு குருவிக்கூடாகிவிடும். அமெரிக்கர்களும் அதைப் பறவைக்கூடு என்றுதான் சொல்கிறார்கள்.

கோல்களில் முதலில் சொல்ல வேண்டியது கலிபோர்னியாவின் கிட்டவீச்சு மரபு. டீ தாமஸ் என்பவர் கோரைப் புதர்களுக்குள் நீண்ட கோலை நீட்டி இரையை இறக்கிப் பழகியவர். 1975-ல் ஆர்கன்சாவின் புல் ஷோல்ஸ் ஏரிக்கு வந்து போட்டியை வென்றும் விட்டார். கோலின் நீளத்துக்கு எட்டடி வரம்பு வந்தது இவரை ஒட்டித்தான். அந்த வரம்புக்குள் அடங்கும் ஏழரை அடிக் கோலை ஃபென்விக் நிறுவனம் விற்றது. ஃபிளிப்பிங் எனப்படும் இந்தக் கலை பார்க்க அழகு. பின்தளத்தாருக்கு இது பெரும்பாலும் வேடிக்கை பார்க்கிற அழகுதான். படகின் மூக்கு புதருக்குள் இருக்கும்போது வால் பத்தடிக்கு அப்பால் வெட்டவெளியில் நிற்கும். புதரை நம்பி ஏழரை அடிக் கனக்கோலை எடுத்துவந்தவர் நாள் முழுக்க அதைக் காலால் தாண்டிக்கொண்டிருப்பார்.

இன்னொரு மரபு கிராங்க்பெய்ட்காரர்களுடையது, அதாவது சுற்றி இழுக்க இழுக்க அமிழ்ந்து நீந்தும் மீன்வடிவ இரையை வீசுபவர்களுடையது. பாஸ் உலகின் வருடாந்தர உச்சப் போட்டியான கிளாசிக்கை நான்கு முறை வென்ற ரிக் கிளனின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது. கார்பன் கோல் வந்து எல்லாரும் விறைப்பைக் கொண்டாடிய பிறகும் இவர்கள் கண்ணாடி இழைக் கோலை விடவில்லை. மீன் இரையைக் கவ்வும் கணத்தில் கோல் வளைந்து கொடுத்தால்தான் மும்முனை முள் வாய்க்குள் போகும். விறைத்த கோல் மீன் வாயை மூடுமுன் இரையைப் பிடுங்கிவிடும். இந்த மரபிலிருந்து ஒரு கோலைப் பின்தளத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். படகு கடந்துபோன பாறை முனையைத் திரும்பிப் பார்த்து வீசும்போது, முன்னவரின் இரை போன கோணத்துக்கு எதிர்க்கோணத்தில் நம் இரை போகும். அதற்காகவே சில மீன்கள் அடிக்கும்.

என் கட்சி மூன்றாவது மரபு. அது ஜப்பானில் வளர்ந்தது. 1925-ல் அகாபோஷி தெட்சுமா என்பவர் அமெரிக்காவிலிருந்து பாஸ் மீனை ஹகோனேயின் ஆஷி ஏரிக்குக் கொண்டுவந்து விட்டார். பின்னால் அது நாடெங்கும் பரவியது. ஏரிகள் சிறியவை, தூண்டில்காரர்கள் ஏராளம். ஒவ்வொரு கல்லையும் நூறு பேர் தட்டிப் பார்த்துவிட்ட தண்ணீர். அங்கே தடித்த நரம்பும் பெரிய இரையும் எடுபடவில்லை. நரம்பு மெலிந்தது, இரை விரல்நீளத்துக்குச் சுருங்கியது, ஈயக்குண்டு கீழே போய் முள் மேலே ஏறி டிராப்ஷாட் ஆயிற்று. 1990களில் அது கலிபோர்னியா வழியாக அமெரிக்கப் போட்டிகளுக்குள் நுழைந்தபோது, பெண்பிள்ளைத் தூண்டில் என்று கேலி செய்த தென்மாநிலத்தாரும் உண்டு.

பின்தளத்தார் மீன்பிடிப்பதும் இப்படி அடிபட்ட தண்ணீரில்தான். அரை நிமிடத்துக்கு முன் ஒரு கைதேர்ந்த ஆள் அதே மரத்தூரில் வீசிவிட்டுப் போயிருக்கிறார். நமக்கு மிச்சமிருப்பது அவர் இரையைக் கண்டும் கவ்வாத மீன். அதனிடம் அதே இரையை அதே வேகத்தில் நீட்டிப் பயனில்லை. ஆகவே ஐந்து கோல் கொண்டுபோனால் இரண்டு ஸ்பின்னிங் கோலாக இருக்க வேண்டும் என்பேன். ஏழடி, நடுத்தர வலு, நுனி மட்டும் துடிப்பாக வளைவது. அதில் 2500 அளவு ரீல், பத்துப் பவுண்டு பின்னல் நரம்பு, முனையில் ஏழெட்டு அடிக்கு எட்டுப் பவுண்டு ஃபுளோரோகார்பன். ஸ்பின்னிங் ரீலில் உருளை அசையாது, நரம்பு மட்டும் வளையம் வளையமாக நழுவிப்போகும். இங்கிலாந்தின் ஜவுளி ஆலைக்காரர் இல்லிங்வொர்த் 1905-ல் உரிமம் பெற்ற கருத்து இது. படகைத் திருப்பிக் காற்றுக்கு வசதியாக நிற்க நம்மால் முடியாது; எதிர்காற்றில் அவுன்ஸில் எட்டில் ஒரு பங்கு எடையை வீசச் சொன்னால் பெய்ட்காஸ்டர் குருவிக்கூடு கட்டும், ஸ்பின்னிங் கட்டாது. ஒரே மாதிரி இரண்டு எதற்கு என்று கேட்பார்கள். ஒன்று அறுந்தால் ஆடும் படகில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் படகு இரண்டு மரங்களைத் தாண்டிவிடும்.

மீதியில் ஒன்று எல்லா வேலைக்குமானது: ஏழடி, சற்றுக் கனமான வலு, பதினைந்து பவுண்டு ஃபுளோரோகார்பன், ஒரு சுற்றுக்கு உருளை ஏழு சுற்றுச் சுற்றும் பெய்ட்காஸ்டர். ஈயத்தலை முள்ளான ஜிக்கும் பிளாஸ்டிக் புழுவும் இதில் ஓடும். வேகமான பல்சக்கரத்தை மெதுவாகச் சுற்றலாம். மெதுவானதை வேகமாகச் சுற்றினால் கைதான் நோகும். கன்டர்ஸ்வில் போலப் பாசி மண்டிய ஏரி என்று தெரிந்தால் ஐம்பது பவுண்டு பின்னல் நரம்போடு தவளை இரைக்கு ஒரு கனக்கோல். இல்லையேல் அந்த இடத்தில் கண்ணாடி இழைக் கோல்.

ஐந்தாவது, பலரும் மறந்துவிட்ட கரோலினா கட்டு. 1985 கிளாசிக்கை ஜாக் சான்செலர் இதை வைத்துத்தான் வென்றார். முக்கால் அவுன்ஸ் குண்டு தரையில் உருளும். இரண்டு மூன்றடி பின்னால் புழு மிதந்துவரும். படகு நிற்காமல் நகர்வது மற்ற மந்தமான இரைகளுக்கெல்லாம் கேடு. குண்டு தரையில் நிலைக்குமுன் நரம்பு இழுபடும். இந்தக் கட்டுக்கோ அந்த இழுவையே ஜீவன். முன்னவர் மோட்டாரை மிதிக்க மிதிக்க நம் வேலை நடக்கிறது. நீள வீச்சு வேண்டும், தூரத்தில் முள்ளைக் குத்தவும் வேண்டும் என்பதால் ஏழேகால் அடிக்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

கோல்களுக்கு உறை போட்டு, பின்தளத்தின் இடப்பக்கமாகக் கட்டிவையுங்கள். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் இருப்பதால் அவருடைய கோல்களோடு நுனி சிக்காது. ஒவ்வொரு பிடியிலும் ஒட்டுநாடா சுற்றி நரம்பின் பவுண்டை எழுதிவைத்தால் விடியலின் அரையிருட்டில் குழம்ப வேண்டியதில்லை. படகு துறையை விட்டு நகருமுன், இன்றைக்கு முதலில் என்ன கட்டப்போகிறீர்கள் என்று முன்னவரைக் கேளுங்கள். பெரும்பாலோர் மறைக்காமல் சொல்வார்கள். அதை மட்டும் கட்டாதீர்கள்.