ஆறாவது வாரத்தில் கேட்கும் சத்தம்

பிறவி இதயக் கோளாறைக் கண்டுபிடிப்பது பற்றிப் படிக்கிற யாரும் 2012-ல் 'லான்செட்' இதழில் வந்த ஷகிலா தங்கரத்தினம் குழுவின் கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது. 13 ஆய்வுகள், 2,29,421 பச்சிளங்குழந்தைகள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்பலாமா என்று கேட்டார்கள். கொரோனா காலத்துல வீட்டுக்கு வீடு வாங்கி வெச்சோமே, அந்தக் கருவிதான். உடனடி ஆபத்துள்ள இதயக் கோளாறு இருக்கும் 100 குழந்தைகளில் 76 பேரை அது பிடித்துவிடுகிறது. கோளாறு இல்லாத 1000 பேரில் ஓரிருவரைத்தான் வீணாகப் பயமுறுத்துகிறது. பிறந்து 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதுவும் குறைகிறது. 2014-ல் சீனாவில் 1,22,738 குழந்தைகளிடம் கருவியோடு டாக்டரின் நேரடிப் பரிசோதனையையும் சேர்த்தபோது, பிடிபடுவது 93 சதவீதம் வரை போனது.

நல்ல ஆய்வுகள். எனக்குக் கருவியோடு சண்டை இல்லை. "உடனடி ஆபத்து" என்ற சொல்லோடுதான்.

பிறந்த சில நாட்களில், சில வாரங்களில் சிகிச்சை கிடைக்காவிட்டால் குழந்தை பிழைக்காது என்றால்தான் இந்த ஆய்வுகளில் அது உடனடி ஆபத்து. மற்றதெல்லாம் காத்திருக்கலாம். ஆறு வாரத்தில் எப்படியும் ஒரு டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைப்பார் என்று இருக்கிற ஊரில் இந்தப் பிரிவினை சரி. சோழவரத்தில்?

இதயத்தின் கீழறைச் சுவரில் ஓட்டை, அதாவது வி.எஸ்.டி.-யை எடுத்துக்கொள்வோம். பிறவி இதயக் கோளாறுகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் ஒன்று. பிறந்த அன்று நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் இன்னும் அதிகம். அதனால் ஓட்டை பெரிதாக இருந்தாலும் ரத்தம் அந்தப் பக்கம் அதிகம் பாயாது. மர்மர் சத்தம் கேட்காது. ஆக்சிஜன் அளவும் சரியாகவே இருக்கும், ஆக்சிமீட்டர் 98 காட்டும். சில வாரங்களில் அந்த அழுத்தம் இறங்கியதும்தான் ரத்தம் நுரையீரலுக்குள் வெள்ளமாகப் போகத் தொடங்கும், சத்தமும் கேட்கும். ஆக, முதல் நாள் சோதனை எவ்வளவு துல்லியமாக நடந்தாலும் இதைப் பிடிக்காது. அது கருவியின் குறை இல்லை, உடம்பு வேலை செய்கிற விதம்.

2019-ல் வந்த இந்திய வழிகாட்டு நெறிகள், பெரிய வி.எஸ்.டி.-யோடு நுரையீரல் அழுத்தமும் கடுமையாக ஏறியிருந்தால் 3 முதல் 6 மாதத்துக்குள் ஓட்டையை மூடச் சொல்கின்றன. ரொம்பத் தாமதமானால் ரத்தக்குழாய்கள் தடித்து இறுகி, அழுத்தம் நிரந்தரமாகிவிடும். ஐசன்மெங்கர் என்கிற அந்த நிலைக்குப் போன பிறகு ஓட்டையை மூடவும் முடியாது. காத்திருக்கலாம் என்று வகைப்படுத்திய நோய், காத்திருந்ததாலேயே உயிரை எடுக்கும்.

இந்த 3–6 மாதக் கணக்கை நம்ம ஊர் நாட்காட்டி மேல் வைத்துப் பாருங்கள். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு, விதிப்படி, அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை வரும். குழு போன மறுவாரம் பிறந்த குழந்தைக்கு அடுத்த முறை அவர்கள் வரும்போது ஆறு மாதம் ஆகியிருக்கும். முடிஞ்சுது கணக்கு. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் சீசன் முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். அந்தக் கைக்குழந்தை எந்த ஊர் அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கும்?

தூரத்தைக் காரணம் சொல்லவே முடியாது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும், முகப்பேர் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனும் இங்கிருந்து ஒரு மணி நேரம், நெரிசல்னா ஒன்றரை. பணத்துக்கு முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்யக் கை இருக்கிறது. இந்தக் குழந்தையை அனுப்பணும் என்று சொல்ல, சரியான வாரத்தில் ஆள் இல்லை.

உண்மையில் ஆள் இருக்கிறார், ஆராய்ச்சிதான் அவரைக் கண்டுகொள்ளவில்லை. 6, 10, 14-வது வாரத் தடுப்பூசிக்குப் பெரும்பாலான குழந்தைகள் வந்துவிடுகின்றன. புதன்கிழமை ஊசி போடுகிற கிராம சுகாதார செவிலியர் மூன்று தடவை குழந்தையைக் கையில் தூக்குகிறார், அதுவும் 3 மாதத்தை ஒட்டி. எடை சரியாக ஏறுகிறதா? தூங்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு? அப்புறம் அம்மாவிடம் ஒரு கேள்வி: பால் குடிக்கும்போது நெத்தி வேர்க்குதா, நடுவுல நடுவுல நிறுத்தி மூச்சு வாங்குதா? வி.எஸ்.டி. குழந்தையின் அம்மாவுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும். "சளி புடிச்சிருக்கு, சரியாயிடும்" என்று பக்கத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான்.

2,29,421 என்ற எண்ணுக்குச் சமமாக இந்தப் பக்கத்தில் வைக்க ஓர் எண் வேண்டும். ஒரு சுகாதார வட்டாரத்தில் ஒரு வருஷம், ஒவ்வொரு புதன்கிழமையும் இந்த மூன்றையும் பார்த்தால் எத்தனை குழந்தை பிடிபடும், எத்தனை குழந்தையை வீணாக அனுப்புவோம்? சாதாரண சளியிலும் மூச்சு வேகமாகும், வெயில் காலத்தில் எல்லாக் குழந்தைக்கும்தான் வேர்க்கும். ஆக்சிமீட்டர் அளவுக்குச் சுத்தமான விடை வராது. எக்கோ எடுக்கும் வரிசை நீளும், அந்த வரிசையில் ஏற்கெனவே நிற்கிறவர்களுக்கு அது பாதிப்புத்தான். அதையும் எண்ணித்தான் ஆகவேண்டும்.