நட்பு எனும் உரைகல்

"நான் ஏன் நல்லவனாக இருக்க வேண்டும்? அதனால் எனக்கு என்ன நன்மை?" என்று ஒருவர் கேட்டால், தன்னலக்காரர் என்று அவரை ஒதுக்கிவிடுகிறோம். பழைய கிரேக்கர்கள் அப்படி ஒதுக்கவில்லை. பிளாட்டோவின் 'குடியரசு' நூலில் கிளாக்கன் இதை ஒரு கதையாகவே சொல்கிறான். அணிந்தவனைப் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் மோதிரம் ஓர் ஆட்டிடையனுக்குக் கிடைக்கிறது. பிடிபடும் அச்சம் போனதும் அவன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, ஆட்சியைப் பிடிக்கிறான். யாரும் பார்க்காதபோதும் நேர்மையாக இருப்பவனுக்கு அதனால் என்ன லாபம்? நூலின் எஞ்சிய பகுதி முழுவதும் இதற்கு விடை தேடுகிறது.

அன்று முதல் இன்றுவரை மேலை அறவியலில் இதற்கு விடை சொன்ன பள்ளிகள் பல. அவற்றை மதிப்பிட நான் நம்பும் உரைகல் ஒன்று உண்டு. ஒரு பள்ளி நண்பனுக்கு என்ன இடம் தருகிறது என்பதே அது. ஒருவன் தன் இன்பத்தைத் தேடுவது குற்றமில்லை. அந்தத் தேடலில் இன்னொரு மனிதரை அவருக்காகவே நேசிக்க இடம் இருக்கிறதா என்பதில்தான் கொள்கையின் தரம் தெரியும்.

சிரேனே: இந்தக் கணத்தின் இன்பம்

சாக்ரட்டீசின் சீடர்களில் ஒருவரான அரிஸ்டிப்பஸ், இன்றைய லிபியாவில் உள்ள சிரேனே நகரத்தவர். அவர் வழிவந்தவர்களுக்கு இப்போது அனுபவிக்கும் இன்பமே நன்மை. அதிலும் உடலின்பமே மேலானது. நண்பனைப் பயன் கருதியே வைத்துக்கொள்கிறோம் என்றும் அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

இந்தக் கொள்கை வெகுதூரம் தாங்கவில்லை. அதே பள்ளியைச் சேர்ந்த ஹெகேசியாஸ், இன்ப துன்பங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, மகிழ்ச்சி மனிதனுக்கு எட்டாதது என்ற முடிவுக்கு வந்தார். அவர் பேச்சைக் கேட்டவர்கள் பலர் உயிரை மாய்த்துக்கொண்டதால் தாலமி மன்னர் அதற்குத் தடை விதித்ததாக சிசரோ எழுதுகிறார். இன்னொருவரான அன்னிகெரிஸ் வேறு திசையில் போனார். நண்பனைப் பயனுக்காக மட்டும் போற்றக் கூடாது, அவன்மீதுள்ள அன்பினால் துன்பத்தையும் ஏற்க வேண்டும் என்றார். பள்ளியின் உள்ளிருந்தே எழுந்த திருத்தம் இது.

எப்பிக்கூரசின் தோட்டம்

இன்பவாதம் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் எப்பிக்கூரஸ் (கி.மு. 341–270). உண்டு களித்துக் கிடப்பதே அவர் போதனை என்ற அவதூறு அவர் காலத்திலேயே கிளம்பிவிட்டது. ஆனால் ஏதென்சில் அவர் நடத்திய தோட்டப் பள்ளியில் அன்றாட உணவு மிக எளிமையானது. ஒரு சிறு கலயம் பாலாடைக்கட்டி அனுப்பிவை, வேண்டும்போது விருந்து வைத்துக்கொள்கிறேன் என்று நண்பருக்குக் கடிதம் எழுதியவர் அவர். அந்தத் தோட்டத்தில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடம் இருந்தது.

ஆசைகளை அவர் மூன்றாகப் பிரித்தார். பசிக்கு உணவு போல இயல்பானவையும் தேவையானவையும் முதல் வகை. அறுசுவை விருந்து போல இயல்பானாலும் தேவையில்லாதவை இரண்டாம் வகை. புகழ், சிலை, அதிகாரம் போன்று இரண்டுமல்லாதவை மூன்றாம் வகை. முதல் வகை எளிதில் நிறைவேறும், மூன்றாம் வகைக்கு எல்லையே கிடையாது. உடலில் வலியின்மையும் மனதில் கலக்கமின்மையுமே இன்பத்தின் உச்சம் என்றார். தன்னலத்தை ஒழிக்காமலே அதைச் சீர்செய்த பள்ளி இது.

நட்பு பயனில் தொடங்குகிறது என்பதை அவரும் ஏற்றார். ஆனால் அது எங்கே போய் முடிகிறது என்பதை அவருடைய கடைசி நாட்கள் காட்டுகின்றன. சிறுநீரகக் கல்லால் இரண்டு வாரம் வதைபட்டு இறந்தார். இறுதி நாளில் எழுதிய கடிதத்தில், இதற்கு மேல் கூட முடியாத அளவு வலி இருப்பதாகவும், நண்பர்களோடு பேசிய பேச்சுகளின் நினைவு அதற்கு ஈடாக நிற்பதாகவும் சொல்கிறார். கூடவே, தமக்கு முன்பே இறந்துவிட்ட நண்பர் மெட்ரோடோரசின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்கிறார். உயிலிலும் அந்தப் பிள்ளைகளின் வளர்ப்புக்கும் பெண்ணின் திருமணத்துக்கும் ஏற்பாடு செய்திருந்தார். மரணத்துக்குப் பின் நமக்கு எந்த உணர்வும் இல்லை என்று வாழ்நாள் முழுதும் கற்பித்தவர் அவர். அந்தப் பிள்ளைகள் நன்றாக வாழ்வதால் தனக்கு வரப்போகும் இன்பம் எதுவுமில்லை என்பது அவருக்குத் தெரியும். அவருடைய வாழ்க்கை அவர் கோட்பாட்டைவிட ஒரு படி மேலே நின்றது.

அரிஸ்டாட்டில்: எந்தத் 'தான்'?

எப்பிக்கூரசுக்கு ஒரு தலைமுறை மூத்தவரான அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) கேள்வியையே மாற்றிப் போட்டார். மகிழ்ச்சி என்பது ஓர் உணர்வு என்று அவர் கொள்ளவில்லை. வாழ்நாள் முழுவதும் பண்போடு செயல்பட்டுச் செழிப்பதே அவருக்கு மகிழ்ச்சி. 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் ஒன்பதாம் பகுதியில், ஒருவன் தன்னையே மிகவும் நேசிக்கலாமா என்று கேட்கிறார். பணம், பதவி, உடலின்பம் ஆகியவற்றில் தனக்குப் பெரும்பங்கு ஒதுக்கிக்கொள்பவனை உலகம் தன்னலக்காரன் என்பது சரியே. ஆனால் செய்வதற்கரிய நற்செயல்களில் தனக்குப் பெரும்பங்கு கேட்பவனும் தன்னை நேசிப்பவன்தான். அப்படிப்பட்டவன் நண்பர்களுக்காகவும் நாட்டுக்காகவும் செல்வத்தை விடுவான், தேவையானால் உயிரையும் விடுவான். பயனுக்கான நட்பு, இன்பத்துக்கான நட்பு, பண்புக்கான நட்பு என மூன்றைச் சொல்லி, மூன்றாவதில் நண்பன் இன்னொரு 'தான்' ஆகிவிடுகிறான் என்றார்.

ஸ்டோயிக்குகள் இன்னும் கறாரானவர்கள். பண்பு ஒன்றே மகிழ்ச்சிக்குப் போதும், நோயும் வறுமையும் அதைத் தொடமாட்டா என்றார்கள். அடிமையாயிருந்த எப்பிக்டெட்டசும் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியசும் ஒரே பள்ளியில் சேர முடிந்தது அதனால்தான். அவர்களில் ஹியரோக்ளிஸ் என்பவர், தன்னை நடுவில் வைத்து உடன்பிறந்தார், உறவினர், ஊரார், மனித குலம் என வட்டங்கள் வரைந்து, வெளிவட்டத்தாரை உள்வட்டத்துக்கு இழுத்துக்கொண்டே வருவதுதான் பயிற்சி என்றார்.

பட்லரின் மறுப்பு

1651இல் 'லெவயதான்' எழுதிய ஹாப்ஸ், மனிதன் மனமறிந்து செய்யும் எதுவும் தனக்கு ஏதோ நன்மை கருதியே என்றார். இன்றும் தேநீர்க் கடைகள் வரை ஒலிக்கும் வாதம் இது: "உதவி செய்தால் உனக்குத் திருப்தி கிடைக்கிறது, ஆக அதுவும் சுயநலமே." ஜோசப் பட்லர் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1726இல் வெளியிட்ட பேருரைகளில் இதன் ஓட்டையைக் காட்டினார். உதவியால் திருப்தி வர வேண்டுமென்றால், பிறர் நலத்தில் எனக்கு முன்பே அக்கறை இருந்தாக வேண்டும். அக்கறை இல்லாதவனுக்கு அந்தத் திருப்தியும் இல்லை. ஆக, திருப்தி அக்கறையின் விளைவு, அதன் காரணமாகிவிடாது. இந்த ஒரு வாதத்துக்காகவே பட்லரை மாணவர்கள் படிக்க வேண்டும் என்பேன்.

காண்ட் 1785இல் வெளியிட்ட நூலில் கடமையை இன்பத்திலிருந்து பிரித்தார். குழந்தையிடம்கூடக் கூடுதல் விலை வாங்காத வணிகர் வியாபாரம் கருதி அப்படிச் செய்தால், அதில் அறமதிப்பு இல்லை என்றார். பயன்வாதிகளான பெந்தமும் மில்லும் இன்பத்தைத் தக்கவைத்துக்கொண்டு, 'என்' இன்பத்தை 'எல்லோருடைய' இன்பமாக விரித்தார்கள். இருபது வயதில் கடும் மனச்சோர்வில் விழுந்த மில், அதிலிருந்து கற்றதைத் தம் சுயசரிதையில் சொல்கிறார்: மகிழ்ச்சியையே குறிவைத்தால் அது தப்பிவிடும், வேறொன்றில் மனம் தோயும்போது வழியில் கிடைக்கும்.

சிட்ஜ்விக்கின் நேர்மை

இந்த மரபை முழுமையாக எடைபோட்டவர் ஹென்றி சிட்ஜ்விக். 1874இல் வெளிவந்த 'அறவியலின் முறைகள்' நூலில், தன் நலமே நோக்கு என்பதும் எல்லோர் நலமே நோக்கு என்பதும் பகுத்தறிவுக்கு ஒன்றுபோல ஏற்புடையவை, இரண்டும் மோதும் இடத்தில் அறிவால் மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஐந்தாண்டுகளுக்கு முன், 1869இல், அவரே அந்த மோதலைச் சந்தித்திருந்தார். திருச்சபைக் கோட்பாடுகளில் நம்பிக்கை இழந்த பிறகும் அவற்றை ஏற்றவர்போல நடிக்க மனமில்லாமல், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் தாம் வகித்த ஆய்வுறுப்பினர் பதவியைத் துறந்தார்.

ஆகவே, தன் இன்பம் பேசும் எந்தக் கொள்கை நம் முன் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம். அது கணத்தைப் பார்க்கிறதா, வாழ்நாளையா? ஆசைகளைத் தரம் பிரிக்கிறதா? நண்பனை நண்பனுக்காகவே நேசிக்க விடுகிறதா? முதல் இரண்டுக்கும் விடை சொல்லும் கொள்கைகள் இன்று சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. மூன்றாவதற்கும் விடை சொல்வதை மட்டும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம்.