‘கேன்டர்’ என்ற சொல்லும் அதன் கதையும்

குதிரையின் ஓட்டங்களுள் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் ‘கேன்டர்’ என்று பெயர். இப்பெயருக்குப் பல நூல்கள் கூறும் விளக்கம் சுவையானது. இங்கிலாந்தின் கேன்டர்பரிப் பேராலயத்தில் 1170-இல் பேராயர் தாமஸ் பெக்கெட் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய சமாதியைத் தரிசிக்க யாத்திரிகர்கள் குதிரையேறிச் சென்றனர். அவர்கள் சென்ற வேகமே ‘கேன்டர்பரிப் பாய்ச்சல்’ எனப்பட்டு, பின்னர் ‘கேன்டர்’ எனக் குறுகியதாம்.

ஊர்ப்பெயரிலிருந்து சொல் பிறந்தது என்பதை ஏற்கலாம். ஆனால் அந்த யாத்திரிகர்கள் இன்றைய கேன்டர் ஓட்டத்தில்தான் சென்றார்கள் என்று முடிவு கட்டுவது சரியா?

கேன்டர் மூன்று தட்டு ஓட்டம். முதலில் ஒரு பின்னங்கால் ஊன்றும். அடுத்து, மற்றப் பின்னங்காலும் அதற்குக் குறுக்கே எதிர்ப்புற முன்னங்காலும் ஒருசேர ஊன்றும். பிறகு எஞ்சிய முன்னங்கால். அதன்பின் ஒரு கணம் நான்கு கால்களும் தரையில் இரா. மேசைமீது விரலால் மூன்று தட்டு தட்டிச் சற்று நிறுத்தி மீண்டும் தட்டிப் பாருங்கள். அந்தக் குளம்போசை கிடைத்துவிடும். வேகம் மணிக்குச் சுமார் 16 முதல் 24 கிலோமீட்டர்.

லண்டனிலிருந்து கேன்டர்பரி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வழி நெடுக இப்படி ஓடினால் குதிரை களைத்துப் போகும். அக்காலத்துப் பயணிகள் விரும்பியது ‘ஆம்பிள்’ என்னும் நடையை. அதில் கால்கள் ஒவ்வொன்றாக ஊன்றுவதால் முதுகில் இருப்பவருக்குக் குலுக்கல் குறைவு. ‘கேன்டர்பரிக் கதைகள்’ எழுதிய சாசர், தம் யாத்திரிகர்களுள் ஒருத்தியான பாத் நகர மாதுக்கு ஆம்பிள் குதிரையைத்தான் கொடுத்திருக்கிறார். 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியும் கேன்டர்பரிப் பாய்ச்சலை விளக்குமிடத்தில் ஆம்பிள் குதிரைகளையே குறிப்பிடுகிறது.

காலக்கணக்கும் இடிக்கிறது. எட்டாம் ஹென்றியின் ஆணையால் சமாதி 1538-இல் அழிக்கப்பட்டது. ‘கேன்டர்பரி’ என்ற அடைமொழியோடு குதிரை நடையைக் குறிக்கும் தொடர்கள் எழுத்தில் தென்படுவதோ 17-ஆம் நூற்றாண்டில். யாத்திரை நின்று ஏறக்குறைய நூறாண்டு கழித்து, பழைய நினைவில் வைத்த பெயர் அது. கண்ணால் கண்டவர் எழுதிவைத்த சான்றன்று.

இன்னொரு குறையும் உண்டு. சில அகராதிகள் கேன்டரை ‘மெதுவான பாய்ச்சல்’ என்று சொல்லி விட்டுவிடுகின்றன. இது போதாது. இரண்டு தட்டு ஓட்டமான ‘டிராட்’டிலும் நல்ல குதிரை அதே வேகத்தை எட்டும், முழுப் பாய்ச்சலுக்கோ தட்டு நான்கு. பிரித்துக் காட்டுவது குளம்புகள் ஊன்றும் வரிசை. மாணவருக்குரிய அகராதியில் ‘மூன்று தட்டு ஓட்டம்’ என்ற சொற்களாவது இருந்தாக வேண்டும்.