இரண்டு தொண்டைகள்

ஏசி/டிசி ராக் குழுவின் ரசிகர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். பான் ஸ்காட்டா, பிரையன் ஜான்சனா? அன்று ராத்திரி ஒருத்தரும் தூங்க மாட்டார்கள். முதலாமவர் 1980 பிப்ரவரியில் இறந்துபோனார். இரண்டாமவர் அதே வருஷம் ஏப்ரலில் வந்து மைக்கைப் பிடித்தார். வழக்கு நாற்பது வருஷம் தாண்டியும் வாய்தாவிலேயே இருக்கிறது.

ராக் பக்கமே போகாதவர்கள் மிரள வேண்டாம். ஏசி/டிசி ரொம்பச் சுலபமான சமாசாரம். இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், ஸ்கூல் யூனிஃபார்மில் மேடை முழுக்கத் துள்ளும் ஆங்கஸ் யங், தொண்டை கிழியக் கத்தும் இன்னொரு ஆசாமி. தத்துவம் கித்துவம் எதுவும் கிடையாது. அந்தக் கடைசி ஆசாமி விஷயத்தில்தான் பிரச்னை.

கறாராகப் பார்த்தால் ஸ்காட்கூட அசல் இல்லை. 1973 கடைசியில் சிட்னியில் மால்கம் யங், ஆங்கஸ் யங் என்ற அண்ணன் தம்பி குழுவை ஆரம்பித்தபோது பாடியவர் டேவ் எவன்ஸ். மறு வருஷமே அவரை அனுப்பிவிட்டார்கள். எவன்ஸுக்கு என்று ஒரு கட்சி இல்லை, பாவம். ஒரு ஆல்பம்கூடப் பாடாமல் போனவருக்காக யார் சண்டை போடுவார்கள்? ஆகவே ஸ்காட்டையே அசல் என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்காட் ஸ்காட்லாந்தில் பிறந்து ஆறு வயதில் ஆஸ்திரேலியா போனவர். சிறு வயதில் சீர்திருத்த இல்லத்தில் இருந்திருக்கிறார். 1974-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் நினைவிழந்து பிழைத்தார். அதே வருஷம் ஏசி/டிசியில் சேரும்போது அவருக்கு 28, ஆங்கஸுக்கு 19. அதாவது, ஊரெல்லாம் சுற்றி அடிபட்ட ஒரு பெரிய அண்ணன், வாசிப்பதில் வெறிகொண்ட பையன்களோடு போய்ச் சேர்ந்தார். பையன்களிடம் சத்தம் இருந்தது, சொல்வதற்குக் கதை இல்லை. இவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தது.

ஸ்காட் பாடுவதைக் கேளுங்கள். உண்மையில் அவர் பாடுவதில்லை, கதை சொல்கிறார். டீக்கடை பெஞ்சில் ஒருத்தன் முன்தினம் நடந்த வம்பை அளக்கிற தோரணை. வார்த்தையை இழுப்பார், கடைசி எழுத்தைக் கடிப்பார், நடுவில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். 'ஹோல் லாட்டா ரோஸி'யில் தாம் சந்தித்த ஒரு குண்டுப் பெண்ணைப் பற்றி அவர் விவரிக்கிற விதத்தில் கேலியைவிட வியப்புதான் அதிகம். பாதிப் பாட்டுகள் ஆபாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆபாசத்தில் ஒரு கோமாளித்தனம் உண்டு, பெரும்பாலும் முட்டாளாகிறவன் அவரே. திடீரென்று 'ரைட் ஆன்' என்று 1976-ல் ஒரு மெதுவான ப்ளூஸ் பாடுகிறார். குடித்து முடித்து, எல்லோரும் கிளம்பிப்போன பிறகு மிஞ்சுகிற தனிமை. ஊளைச் சத்தம் ஒன்றுகூடக் கிடையாது. இப்படி ஒரு பாட்டை ஜான்சனிடம் தேடினால் கிடைக்காது.

1979-ல் வந்த 'ஹைவே டு ஹெல்' அவர்களை அமெரிக்காவில் கவனிக்க வைத்தது. 1980 பிப்ரவரி 19-ம் தேதி லண்டனில், ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டு, நிறுத்தியிருந்த காரில் தூங்கிய ஸ்காட் எழுந்திருக்கவில்லை. வயது 33. அளவுக்கு மீறிய மது என்றது பிரேத விசாரணை.

ஆறே வாரம். புதுப் பாடகர் வந்துவிட்டார். இந்த அவசரம்தான் ஸ்காட் கட்சிக்காரர்களுக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் குழுவை நிறுத்தாதீர்கள் என்று சகோதரர்களைத் தேற்றி அனுப்பியதே ஸ்காட்டின் பெற்றோர்தான் என்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களே சொன்ன பிறகு நாம் யார் கோபித்துக்கொள்ள?

ஜான்சன் இங்கிலாந்தின் வடகிழக்கில், கேட்ஸ்ஹெட் பக்கம் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. 'ஜார்டி' என்ற குழுவில் பாடி 1973-ல் ஒரு பெரிய ஹிட் கொடுத்தவர். அப்புறம் மார்க்கெட் போய்விட்டது. 1980-ல் கார்களுக்கு வினைல் கூரை ஒட்டும் தொழில் பார்த்துக்கொண்டிருந்தார். வயது 32, ஸ்காட்டைவிட ஒன்றுதான் கம்மி. அவரைப் பற்றி முதலில் புகழ்ந்து சொன்னதே ஸ்காட்தான் என்று ஆங்கஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1973-ல் ஒரு மேடையில் ஜான்சன் தரையில் விழுந்து புரண்டு அலறிப் பாடியதைப் பார்த்து ஸ்காட் அசந்துபோனாராம். ஜான்சனுக்கு அன்று குடல்வால் வலி என்பது பிற்பாடுதான் தெரிந்தது!

வந்த ஒரு சில வாரங்களில் பஹாமாஸ் தீவில் ரெக்கார்டிங். 1980 ஜூலையில் 'பேக் இன் பிளாக்'. துக்கத்துக்கு அடையாளமாக அட்டை முழுக்கக் கறுப்பு. முதல் பாட்டு சாவு மணியோடு தொடங்குகிறது. அமெரிக்காவில் மட்டும் இரண்டரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் போன ஆல்பம்.

விற்பனைக் கணக்கைக் காட்டி 'ஜான்சன்தான் ஜெயித்தார், கேஸ் க்ளோஸ்' என்பவர்கள் உண்டு. அது நியாயமில்லை. சத்தத்தைச் சுத்தம் செய்து, கோரஸை ஸ்டேடியம் அளவுக்குப் பெரிதாக்கிய தயாரிப்பாளர் மட் லாங் 'ஹைவே டு ஹெல்'லிலேயே வந்துவிட்டார். கதவு திறந்துதான் இருந்தது. சில மெட்டுகளின் ஆரம்ப ஒத்திகையில் ஸ்காட்டே உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்திருக்கிறார். அவர் எழுதி வைத்த வரிகளும் அதில் இருக்கின்றன என்று ஒரு வதந்தி சாகாமல் சுற்றுகிறது. குழுவினர் மறுத்துவிட்டார்கள். நான் மறுப்பை நம்புகிறேன், காரணம் எளிது: அந்த வரிகளில் ஸ்காட்டின் சிரிப்பு இல்லை.

ஜான்சனின் தொண்டை வேறு ஜாதி. மேல் ஸ்தாயியில் ஏறி உட்கார்ந்தால் இறங்குவதே இல்லை. உப்புத்தாள் தேய்க்கிற சத்தம். வார்த்தை பாதி புரியாது, புரிய வேண்டியதும் இல்லை. அவர் குரல் மூன்றாவது கிட்டார். 1990-ல் வந்த 'தண்டர்ஸ்ட்ரக்' கேளுங்கள். கிட்டார் கீழே மின்சாரம்போல ஓட, மேலே இந்தக் குரல் இடியாக விழுகிறது. ஐம்பதாயிரம் பேர் கூடிய மைதானத்தில் கடைசி வரிசைக்காரனுக்கு அது போய்ச் சேரும். ஸ்காட்டின் கண்சிமிட்டல் பத்தாவது வரிசையைத் தாண்டாது. ஸ்காட் இருந்திருந்தால் குழு இவ்வளவு பெரிதாகியிருக்குமா என்று கேட்டால், பெரிதாகியிருக்கும், ஆனால் வேறு மாதிரி என்பேன். ஜான்சன் வந்த பிறகு ஏசி/டிசி மதுக்கடைக் கூட்டத்தை விட்டுக் கிளம்பி மைதானத்தில் குடியேறிவிட்டது. திரும்பி வரவில்லை.

போனது என்னவென்று பாருங்கள். பாட்டுக்குள் இருந்த மனிதன். ஜான்சன் 1988 ஆல்பம் வரை சகோதரர்களோடு சேர்ந்து வரிகள் எழுதினார், அதற்கப்புறம் அவர்களே எழுதிக்கொண்டார்கள். இரண்டு காலத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் சோகம். எண்பதுகளின் நடுவில் வந்த 'ஃப்ளை ஆன் தி வால்' போன்ற ஆல்பங்களை இன்று முழுசாகக் கேட்பதற்குப் பொறுமை வேண்டும்.

ஆனால் ஒன்று. ஸ்காட் தன் பாட்டை மட்டும் பாடினால் போதுமாயிருந்தது. ஜான்சன் ஒவ்வொரு ராத்திரியும் தன் பாட்டையும் பாடி, செத்தவர் பாட்டையும் பாட வேண்டும். கீழே கூட்டத்தில் ஒருத்தன் ஸ்காட் படம் போட்ட பனியனோடு நின்று முறைத்துக்கொண்டிருப்பான். இதை ஜான்சன் எப்படிச் சமாளித்தார் என்பதுதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த விஷயம். அவர் ஸ்காட்டைப்போலப் பாட முயலவே இல்லை. அந்தச் சிரிப்பை, அந்த இழுப்பைத் தொடவில்லை. தலையில் ஒரு தொழிலாளித் தொப்பியை மாட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்தபடி கத்தினார். மிமிக்ரி செய்திருந்தால் ஒரு வருஷம் கைதட்டியிருப்பார்கள், இரண்டாம் வருஷம் விரட்டியிருப்பார்கள். அதற்காக 'ரோஸி'யை ஜான்சன் நன்றாகப் பாடுகிறார் என்று சொல்ல மாட்டேன். ரோஸி அதில் காணாமல்போய்விடுகிறாள், வேகம் மட்டும் மிஞ்சுகிறது.

2016-ல் ஒரு சோதனை வந்தது. தொடர்ந்து பாடினால் காது முழுசாகப் போய்விடும் என்று டாக்டர்கள் எச்சரிக்க, ஜான்சன் பாதிச் சுற்றுப்பயணத்தில் விலகினார். கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் ஆக்ஸல் ரோஸ் வந்தார். காலில் எலும்பு முறிவு, சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். சுருதி சுத்தம், பிரமாதம். ஜான்சன் பல வருஷம் தொடாத 'ரிஃப் ராஃப்' போன்ற ஸ்காட் காலத்துப் பாட்டுகளைத் தூசி தட்டியும் எடுத்தார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். ஆனாலும் விருந்தாளி வந்து நம் வீட்டு ஊஞ்சலில் ஆடுவதுபோலவே இருந்தது. 36 வருஷமாக 'மாற்று ஆள்' என்று திட்டு வாங்கிய ஜான்சன் எந்த நிமிஷத்தில் வீட்டுக்காரரானார் என்பது அன்றைக்குத்தான் பல ஸ்காட் கட்சிக்காரர்களுக்கே உறைத்தது. 2020-ல் 'பவர் அப்' ஆல்பத்தில் திரும்பி வந்தார். 2024, 2025-ல் எழுபத்தைந்து வயது தாண்டிய தொண்டையோடு மறுபடி ஸ்டேடியங்கள்.

என் ஓட்டு? ஆல்பம் என்றால் 'பேக் இன் பிளாக்'. பாடகர் என்றால் ஸ்காட், யோசிக்கவே வேண்டாம்.

ஜான்சனும் இதற்குச் சண்டைக்கு வர மாட்டார் என்று நினைக்கிறேன். 1975-ல் வந்த 'இட்ஸ் எ லாங் வே டு தி டாப்' என்ற பாட்டில் ஸ்காட் பேக்பைப் வாசித்திருப்பார். ராக் பாட்டில் பேக்பைப், யாருக்குத் தோன்றும்? ஸ்காட்டுக்கு மரியாதையாக அந்தப் பாட்டை மேடையில் பாடுவதில்லை என்று ஜான்சன் விட்டுவிட்டார். ஸ்காட்டின் மற்ற பல பாட்டுகளைப் பாடுகிறவர், இதைத் தொடவில்லை. 1976-ல் மெல்பர்னின் ஸ்வான்ஸ்டன் தெருவில், ஓடும் லாரியின் மேல் நின்று அவர்கள் அதை வாசிக்கும் வீடியோ யூட்யூபில் கிடைக்கிறது. தெருவில் போகிறவர்கள் 'யாருடா இவனுங்க' என்று திரும்பிப் பார்க்கிறார்கள். ஸ்காட் பேக்பைப்பைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். பார்த்துவிட்டு நீங்கள் எந்தக் கட்சி என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.